கொல்லைவாசலில் தொடங்கிய கட்டடம்

பழங்குடி ஊர் ஒன்றின் பண்பாட்டு மையத்துக்காகக் கட்டடக்கலைஞனாக நான் கொண்டுபோன முதல் வரைபடத்தில் கொல்லைவாசலே இல்லை. வட்டமான கூடம், நடுவில் திறந்த முற்றம், கடலைப் பார்த்து ஒரே ஒரு பெரிய வாசல். வருகிறவர் அதில் நுழைந்து, ஓவியம் பார்த்து, கதை கேட்டு, கடையில் ஏதாவது வாங்கிக்கொண்டு அதே வழியாக வெளியேற வேண்டும். பழங்குடி மக்களுக்கென்றால் வட்டமாகத்தான் கட்ட வேண்டும் என்று எங்கள் தொழிலில் யாரோ எப்போதோ முடிவுகட்டி வைத்திருக்கிறார்கள். நானும் யோசிக்காமல் காம்பஸை எடுத்துவிட்டேன்.

வேலை ஆஸ்திரேலியாவின் வடக்கே, ஆர்ன்ஹெம் லேண்டில். சுமார் 97,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் முக்கால் பங்கு. அதன் கரையோரத்தில் யோல்ங்கு மக்களின் சிற்றூர் ஒன்று. பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ‘ஊர்’ என்றே எழுதுகிறேன். டார்வினிலிருந்து சின்ன விமானத்தில் போக வேண்டும். சாலை உண்டு, மழையில்லாத மாதங்களுக்கு மட்டும். மழை பிடித்துவிட்டால் சிமெண்டிலிருந்து திருகாணி வரை எல்லாம் கடல் வழியாகப் பார்ஜ் என்ற தட்டைச் சரக்குப் படகில்தான் வரும். 1976ஆம் ஆண்டு நில உரிமைச் சட்டப்படி நிலம் அந்த மக்களுடையது, யாராலும் விற்கவோ வாங்கவோ முடியாது. உள்ளே கால் வைக்க அனுமதிச் சீட்டு வேண்டும். கட்டடம் எழுப்பக் குத்தகை வேண்டும். குத்தகைக்கு முன்னால், உரிமைப்பட்ட குடும்பங்களிடம் நிலக் கவுன்சில் பேசிச் சம்மதம் வாங்க வேண்டும்.

முதல் கூட்டம் கடற்கரைப் புளியமரத்தடியில் நடந்தது. அங்கே புளியமரமா என்று நானும் கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் பார்த்தேன். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் உள்ள மக்கஸார் துறைமுகத்திலிருந்து கடல் அட்டைக்காக ஆண்டுதோறும் பாய்மரப் படகில் வந்தவர்கள் விட்டுப்போன மரங்கள் அவை. வடமேற்குப் பருவக்காற்றோடு டிசம்பர் வாக்கில் வருவார்கள், கரையில் கொட்டகை போட்டு அட்டையை அவித்து உலர்த்துவார்கள், தென்கிழக்குக் காற்று எழும்பியதும் கிளம்பிவிடுவார்கள். கடைசிப் படகு போனது 1907இல். அவர்கள் விட்டுப்போனதில் சொற்களும் உண்டு. யோல்ங்கு மொழியில் பணத்துக்கு ‘ருப்பியா’. வெள்ளைக்காரருக்கு ‘பலண்டா’, ஹாலந்துக்காரர் என்பதன் திரிபு. நான் பலண்டாவா என்று ஒருவரிடம் கேட்டேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பாதி” என்றார்.

இந்தப் புளியமரக் கதையை அன்று நான் சுவாரசியத்துக்கு மட்டும் கேட்டுக்கொண்டேன். வெளியாள் வருவது இந்தக் கரைக்குப் பழக்கம்தான், ஆனால் வந்தவருக்கென்று ஓர் இடம் இருந்தது, திரும்பிப்போக ஒரு பருவம் இருந்தது. என் வட்டத்தில் வந்தவருக்கு எல்லா இடமும் இருந்தது, ஊர்க்காரருக்கென்று ஒன்றும் இல்லை. அதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று பயணம் பிடித்தது.

கூட்டத்தில் வரைபடத்தை விரித்தேன். எல்லாரும் பார்த்தார்கள். “யோ” என்றார்கள், “மன்ய்மக்” என்றார்கள். ஆம், நல்லது. ஒரு மறுப்பு இல்லை. கிளம்பும்போது விமான ஓடுபாதைக்கு வண்டி ஓட்டி வந்த இளைஞர், எங்கள் மொழிபெயர்ப்பாளர், சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: “அவங்க சரின்னு சொன்னது உங்க படத்துக்கு இல்ல. நீங்க பேசி முடிச்சதுக்கு.”

வெளியாள் கேள்வி மேல் கேள்வி கேட்டால் தலையாட்டி அனுப்பிவிடுவது மரியாதை. ‘இது பிடித்திருக்கிறதா’ என்று கேட்டால் ‘பிடித்திருக்கிறது’ என்ற ஒரு பதில்தான் வரும். அடுத்த பயணத்திலிருந்து ஆமா இல்லையா என்று பதில் வரும் கேள்வி எதையும் கேட்பதில்லை என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலைதான் என்று அலுவலகத்துக்குப் புரியவைப்பது இன்னொரு பெரும்பாடு. நான்கு நாள் தங்கி மூன்று நாள் மீன்பிடிக்கப் போனதை நேரப்பதிவேட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது?

மூன்றாவது பயணத்தில் ஒரு பெரியவர் என்னைத் தனக்குத் தம்பி முறை ஆக்கினார். அங்கே உறவு முறை இல்லாத ஆளோடு பேசுவது கஷ்டம். எப்படி அழைப்பது, எங்கே உட்கார வைப்பது என்று எதுவும் தெரியாது. அதனால் அடிக்கடி வந்துபோகிற வெளியாளை எங்காவது ஓர் உறவில் பொருத்திவிடுவார்கள். நமக்கு இது விளங்குவதில் சிரமமே இல்லை. அப்பாவின் தம்பியும் அப்பாதான், அம்மாவின் அக்காவும் அம்மாதான், தாய்மாமன் பிள்ளைகள் வேறு கணக்கு. உடன் வந்த ஆஸ்திரேலியப் பொறியாளருக்கு ஊர்க்காரர்கள் இதைப் பலகையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோது நான் பாதியில் எழுந்து டீ போடப் போய்விட்டேன். ஊர் முழுக்க, மரம், மீன், காற்று உட்பட எல்லாமே துவா, யிரிட்ஜா என்ற இரு பாதிகளில் ஒன்றைச் சேர்ந்தது. கல்யாணம் எதிர்ப்பாதியில்தான். இதுவரை கணக்கு நேர்.

நேராகாத இடம் ஒன்று வந்தது. கூட்டங்களுக்குத் தலைமை தாங்கியிருந்த மூதாட்டி, அந்தப் பெரியவருக்கு மாமியார் முறை. அவருக்கு மாமியார் என்றால் தம்பியான எனக்கும் மாமியார். அன்று மதியத்திலிருந்து அவர் என்னை நேராகப் பார்ப்பதை விட்டுவிட்டார். நான் ஒரு பக்கம் வந்தால் அவர் மறுபக்கம் நகர்ந்தார். சொல்ல வேண்டியதைப் பேத்தியிடம் சொல்ல, பேத்தி என்னிடம் சொன்னாள். கோபமா என்று முதலில் பயந்தேன். கோபமில்லை, எனக்குக் கிடைத்த மரியாதை அது. நம் பாட்டிமார் காலத்தில் மாமியார் மருமகன் எதிரில் வராமல் கதவு மறைவில் நின்று, “கை கழுவச் சொல்லு” என்று சுவருக்குச் சொல்லுவாரே, அதேதான். யோல்ங்கு ஊரில் அது இன்னும் நடைமுறை.

பிறகுதான் முதல் கூட்டம் நினைவுக்கு வந்தது. அந்த மூதாட்டி அன்று மரத்தின் மறுபக்கம், கடலைப் பார்த்து, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அக்கறையில்லை போலிருக்கிறது என்று குறிப்பில் எழுதியிருந்தேன். பெரியவர் இந்தப் பக்கம் இருந்ததால் அவர் அந்தப் பக்கம் இருந்தார், அவ்வளவுதான். அடிமரம் அத்தனை பருமனாக இருந்ததால்தான் அந்தக் கூட்டமே நடந்தது. என் வட்டக் கூடத்தில் அவர்கள் இருவரையும் உட்கார வைக்க இடமே கிடையாது. வட்டத்தில் மறைய மூலை இல்லை. ஒரே வாசல் என்றால் ஒருவர் உள்ளே இருக்கும்போது மற்றவர் வர முடியாது, வந்துவிட்டால் வெளியேற முடியாது.

அந்த ராத்திரி விருந்தினர் கொட்டகையில் கொசுவலைக்குள் உட்கார்ந்து புதுத் தாளில் வரைந்தேன். முகப்பை வரையவில்லை. கொல்லையில் தொடங்கினேன்: இங்கே யார் இருப்பார்கள், அவர்களை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது, எந்த வழியாக நழுவலாம். காலையில் பார்த்தபோது மூன்று தனித்தனிக் கட்டடமும் அவற்றை இணைக்கும் நீளத் தாழ்வாரமும் ஆகியிருந்தது. எந்த அறைக்கும் இரண்டு வாசலுக்குக் குறைவில்லை.

அடுத்த பயணத்தில் மடிக்கணினியைத் திறக்கவில்லை. 60 முளைக்குச்சி, நைலான் நூல், 30 மீட்டர் டேப், ஒரு மூட்டை சுண்ணாம்புத்தூள். தாளில் இருந்ததை நிஜ அளவிலேயே தரையில் போட்டுவிடுவது என்று திட்டம். சுவர் வருகிற இடமெல்லாம் முழங்கால் உயரத்தில் நூல், வாசல் வருகிற இடத்தில் இடைவெளி, தூண் வருகிற இடத்தில் வெள்ளைப் புள்ளி. காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடித்தோம். அதற்குமேல் அந்த வெயிலில் நிற்க முடியாது.

பிள்ளைகள் முதலில் வந்தார்கள். நூலைத் தாண்டிக் குதிக்கவில்லை, வாசல் வழியாகத்தான் நுழைந்தார்கள். பிறகு நாய்கள். பிறகு பெண்கள், ஓலைப் பாயும் தாழை மடல் கட்டுமாக. பெண்கள் பக்கத் தாழ்வாரம் என்று குறித்த இடத்தில் உட்கார்ந்து மடலைக் கீறத் தொடங்கிவிட்டார்கள். தாழையை நாராகக் கீறி, வேர்ச்சாயத்தில் அவித்து, காயவைத்துக் கூடை முடைவார்கள். அந்தக் கூடைக்குத்தான் வருகிறவர்கள் பணம் கொடுக்கப் போகிறார்கள்.

என் மாமியார் கடைசியாக வந்தார். நான் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் கொல்லைப்பக்கமாக நுழைந்து, தாழ்வாரத்தில் உட்கார்ந்து, வண்டி நிறுத்தும் இடத்தைப் பார்த்தார். எழுந்தார். மூலைக்குச்சியைப் பிடுங்கினார். இரண்டு எட்டு வைத்து மீண்டும் ஊன்றினார், உட்கார்ந்தார், பார்த்தார். மறுபடி பிடுங்கி அரை எட்டு பின்னால். இந்த முறை கல்லால் தட்டி இறக்கினார். பேத்தி வந்து சொன்னாள்: “வண்டி வர்றது எங்களுக்கு முதல்ல தெரியணும். நாங்க இருக்கறது அவங்களுக்கு அப்புறம் தெரிஞ்சா போதும்.”

அவர் போன பிறகு டேப்பைப் பிடித்தேன். மூலை 1.7 மீட்டர் நகர்ந்திருந்தது. கட்டடத்தில் மிக முக்கியமான அளவு அதுதான், என் கணினியிலிருந்து அது வந்திருக்கவே முடியாது. அந்த மூலையில் பிற்பாடு மரச்சட்டக் கிராதி ஒன்று வந்தது. சட்டங்களைச் சாய்வாகப் பொருத்தினோம். உள்ளிருந்து சாலை தெரியும், சாலையிலிருந்து பார்த்தால் வெறும் மரம். சாய்மானத்தைச் சரிபார்க்க, பொறியாளர் வண்டியை ஐந்து முறை முன்னும் பின்னும் ஓட்டினார், பெண்கள் உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே “தெரியுது, தெரியல” என்று கத்தினார்கள்.

இடம் தேர்ந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் ஆசைப்பட்டது கடலைப் பார்த்த மேடு. ஆர்ன்ஹெம் லேண்ட் அடங்கிய வடக்கு ஆட்சிப்பகுதியில் (நார்தர்ன் டெரிட்டரி) புனித இடங்களுக்கென்று 1989ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் கீழ் உள்ள ஆணையத்திடம் மனுப் போட்டால் அவர்கள் உரியவர்களோடு பேசி, எங்கே வேலை செய்யலாம், எங்கே கூடாது என்று வரைபடத்தோடு சான்றிதழ் தருவார்கள். மேட்டின் மேல் தடைக்கோடு விழுந்தது. என்ன காரணம் என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. புதிய இடம் உள்ளே தள்ளி, பழைய பள்ளிக் கொட்டகைக்குப் பின்னால். கடல் தெரியாது, புளியமரத்தின் உச்சி மட்டும் தெரியும். நிதி தந்தவர்களுக்குக் கடல் போனதில் வருத்தம். எனக்கும்தான், ஒரு வாரம்.

வெயிலும் காற்றும் நமக்குக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 12 பாகை. ஆண்டில் பெரும்பகுதி உச்சி வெயில் வடக்கிலிருந்து விழும், டிசம்பரை ஒட்டிய மாதங்களில் மட்டும் தெற்கே சாயும். வறட்சிக் காலத்துக் காற்று தென்கிழக்கு, மழைக்காற்று வடமேற்கு. ஆகவே நீளம் கிழக்கு மேற்காக, இரண்டு நீளப் பக்கமும் சாய்த்துத் திறக்கும் பட்டைகள் கொண்ட லூவர் ஜன்னல், வடமேற்கில் தாழ்வாரத்தை 4 மீட்டருக்கு இழுத்தாயிற்று. பக்கத்து ககாடு தேசியப் பூங்காவில் உள்ள பவாலி பார்வையாளர் மையம் எனக்கு நல்ல வாத்தியார். கிளென் மர்கட்டும் ட்ரொப்போ கட்டடக்கலைஞர்களும் வடிவமைத்து 1994இல் முடித்தது. நீளமான கூரை, ஓரங்கள் திறந்தவை, நடந்து முடிப்பதற்குள் உடம்பு ஆறிவிடும். அதைப் பார்த்துவிட்டுத்தான் கூடத்துக்கு ஏசி வேண்டாம் என்று அடித்துச் சொன்னேன். அம்மா போனில் கேட்டது ஒன்றே ஒன்று: “வாசல் எந்தப் பக்கம்?” எட்டு வாசல் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

மற்றவை சட்டென்று. கடற்கரையோரம் புயல் மண்டலம். 1974 கிறிஸ்துமஸ் அன்று டிரேசி புயல் டார்வினைத் தரைமட்டமாக்கியதிலிருந்து கூரையின் ஒவ்வொரு திருகாணிக்கும் கணக்குக் கேட்பார்கள். கரையானில் அங்கே ராட்சச வகை ஒன்று உண்டு, மரம் கிடைக்காவிட்டால் மின்கம்பியின் உறையையும் கடிக்கும். அதனால் எலும்புக்கூடு இரும்பு, கிராதி மட்டும் கரையான் தீண்டாத சைப்ரஸ் பைன். தரைத்தளத்தின் ஓரத்தைச் சுற்றிலும் 75 மில்லிமீட்டர் மண் மூடாமல் விட வேண்டும். கரையான் மண்குழாய் கட்டி ஏறினால் கண்ணில் படும்.

இனி நான் செய்த தப்பு. பொருள் காப்பறை என்று ஓர் அறை. சடங்குப் பொருள்கள் சிலவற்றை அதற்கு உரிய ஆண்கள் மட்டுமே பார்க்கலாம். உள்ளே என்ன வரும் என்று கேட்கவில்லை, மிக நீளமானது எவ்வளவு நீளம் என்று மட்டும் கேட்டேன். ஒருவர் மணலில் இரண்டு கோடு கிழித்தார். 2.6 மீட்டர். அதை வளைவில் திருப்பாமல் நேராகக் கொண்டுபோக ஏற்றபடி வாசலும், ஆண்கள் பக்கப் பாதையும் வைத்தோம். இதில் பிசகு இல்லை. பிசகு சுவருக்குள் இருந்தது.

அந்த ஓர் அறைக்கு மட்டும் ஏசி. மரப்பட்டையும் இறகும் நாரும் ஈரத்தில் பூசணம் பிடிக்கும், ஈரம் ஏறி இறங்கினால் வெடிக்கும். இரும்புச் சட்டம், வெளியே தகரம், நடுவே வெப்பத்தடைப் பஞ்சு, உள்ளே ஜிப்சம் பலகை, பலகைக்குப் பின்னால் ஈரம் தடுக்கும் பிளாஸ்டிக் தாள். இந்தச் சுவர் விவரத்தை எங்கள் அலுவலகக் கோப்பிலிருந்து அப்படியே எடுத்தேன். கோப்பு தெற்கே குளிர் நகரங்களுக்கு எழுதியது. அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடும் ஈரமும், வெளியே குளிர், ஆகவே ஈரம் உள்ளிருந்து வெளியே போகப் பார்க்கும். தடுப்புத்தாள் உட்பக்கம் இருப்பது சரி. வடக்கே எல்லாம் நேர்மாறு. மழைக்காலத்தில் வெளியே 32 பாகை, காற்று பிழிந்தால் தண்ணீர் சொட்டும். உள்ளே யாரோ ஏசியை 20இல் வைத்திருந்தார்கள். வெளிக்காற்றின் ஈரம் தகர இடுக்கில் நுழைந்து, பஞ்சைக் கடந்து, குளிர்ந்த பிளாஸ்டிக் தாளில் முட்டி அங்கேயே நீராகி வழிந்தது. குளிர்ந்த சோடா பாட்டிலின் வெளிப்பக்கம் வியர்க்குமே, அதே வேலை என் சுவருக்குள் இரவும் பகலும்.

ஜனவரியில் போன் வந்தது: “ரூம் நாறுது.” விமானம் கிடைத்துப் போய்ச் சேரப் பத்து நாள். சுவரின் அடியோரத்தில் மிளகுத்தூள் தூவினது போலக் கரும்புள்ளிகள். விரலால் அழுத்தினேன், பலகை நனைந்த அப்பளமாக உள்ளே போனது. கத்தியால் ஒரு சாண் சதுரம் வெட்டி எடுத்ததும் வெட்டின் கீழ் விளிம்பிலிருந்து தண்ணீர் ஒரு கோடாக இறங்கித் தரையைத் தொட்டது. பஞ்சைப் பிழிந்தால் கை நனைந்தது. ஈரமானியைச் சட்டத்தின் அடியில் வைத்துப் பார்க்கக்கூடத் தேவைப்படவில்லை.

சரிசெய்வதற்கு முன்னால் அறை காலியாக வேண்டும். காலி செய்ய எங்களுக்கு உரிமை இல்லை. வெளியாட்கள் நாலு பேரும் புளியமரத்தடிக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லி வந்தது, போனோம். இரண்டு மணி நேரம். பெண்களும் பிள்ளைகளும் ஊரின் மறுகோடிக்குப் போனார்கள். எந்தப் பொருளையும் நான் பார்க்கவில்லை, நல்ல வேளையாக எதுவும் கெடவில்லை என்று மட்டும் பின்னால் சொன்னார்கள்.

அதன் பிறகு வெளித்தகரத்தைத் திருகாணி திருகாணியாகக் கழற்றி, பஞ்சை உருவி எறிந்து, சட்டங்களை இரண்டு நாள் மின்விசிறி போட்டு உலர்த்தினோம். புதுப் பஞ்சு. தடுப்புத்தாள் இப்போது வெளிப்பக்கம், தகரத்துக்கு உள்ளே, ஒவ்வொரு இணைப்பும் நாடாவால் ஒட்டி. உட்பக்கம் பிளாஸ்டிக்கே இல்லை, ஜிப்சத்துக்குப் பதில் சிமெண்ட் நார்ப்பலகை. தப்பித் தவறி ஈரம் உள்ளே போனாலும் அறைப்பக்கமாக உலர்ந்துவிடும். ஏசியை 26க்கு மேல் ஏற்றி, ஈரம் இழுக்க வேறு கருவி வைத்து, ஈரப்பதத்தை 55 விழுக்காட்டை ஒட்டி நிறுத்தினோம். ரிமோட்டை ஒரு பெட்டிக்குள் பூட்டினேன். ஒன்பது நாள் வேலை. கோப்பில் அந்தப் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டுவிட்டேன், அடுத்தவனாவது பிழைக்கட்டும்.

புகைப்படச் சங்கதி இன்னொன்று. நுழைவுச் சுவர் முழுக்க, படகில் நிற்கும் ஒரு பெரியவரின் படத்தைச் சுவரிலேயே அச்சிட வேண்டும் என்பது என் ஆசை. அவருக்கும் சந்தோஷம். மொழிபெயர்ப்பாளர் இளைஞர்தான் பிடிவாதமாக, “கழட்டற மாதிரி வைங்க” என்றார். இணைப்புக் கோடு தெரியும், அழகு கெடும் என்று வாதாடினேன். அவர் வாதாடவில்லை, அடுத்த நாளும் அதையே சொன்னார். கடைசியில் ஆறு பலகையாக, தண்டவாளத்தில் நழுவி எடுக்கிற மாதிரி செய்தோம். பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தபோது அந்தப் பெரியவர் இறந்துபோனார். இறந்தவர் பெயரை உச்சரிக்கக் கூடாது, படத்தைக் காட்டக் கூடாது. எவ்வளவு காலம் என்பதைக் குடும்பம் முடிவு செய்யும். ஊர் முழுக்கத் துக்கத்தில் இறங்கியது, கட்டட வேலை மூன்று வாரம் நின்றது. பலகைகளைக் கழற்றி முகத்தை உள்நோக்கித் திருப்பி அலமாரியில் வைக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இலைப்புகை போட்டு இடத்தைச் சுத்தம் செய்த பிறகுதான் நாங்கள் மறுபடி உள்ளே போனோம். அவர் பெயரை இப்போதும் எழுதவில்லை.

எதைக் காட்டுவது, எப்போது மூடுவது என்பதில் இவர்கள் யாரிடமும் பாடம் கேட்க வேண்டியவர்கள் இல்லை. 1963இல் பாக்சைட் சுரங்கத்துக்காக அரசு தங்களைக் கேட்காமல் நிலத்தை எடுத்துக் கொடுத்தபோது, யிர்க்கலா என்ற ஊரின் யோல்ங்கு மக்கள் மரப்பட்டையில் தங்கள் குலக் கோலங்களைத் தீட்டி, நடுவில் இரு மொழியில் தட்டச்சு செய்த மனுவை ஒட்டி நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அது வேடிக்கை பார்க்கக் கொடுத்த ஓவியம் அல்ல. நிலம் யாருடையது என்று சொல்லும் பத்திரம். தெற்கே, உலுரு கட்டா ஜூட்டா தேசியப் பூங்காவின் பண்பாட்டு மையத்தில் படம் எடுக்க அனுமதியில்லை. கிரெகரி பர்ஜஸ் வடிவமைத்து 1995இல் திறந்தது. செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு நடந்தபோது, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஒரு கண்காட்சியைக் கண்ணால் பார்த்தேன்.

வருகிறவர்களைப் பற்றி இவ்வளவு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் எளிது. மூன்று மணி நேரம் குலுங்கி வந்து இறங்கியதும் கேட்பது கழிப்பறை, அடுத்து நிழல், அடுத்து குடிதண்ணீர். கலையும் பண்பாடும் நாலாவது. எனவே கழிப்பறையை வண்டி நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே, கட்டடம் பூட்டியிருந்தாலும் பயன்படும்படி வைத்தோம்.

கழிப்பறை என்றதும் ‘உடைத்துவிடுவார்கள்’ என்று ஆரம்பிக்கிற ஆட்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் இருப்பார்கள். பழங்குடி ஊர்களின் வீடுகளை வருடக்கணக்காகக் குழாய் குழாயாகச் சோதித்துப் பழுதுபார்த்தது ஹவுசிங் ஃபார் ஹெல்த் என்ற திட்டம். அதன் கணக்கை நான் கையோடு வைத்திருப்பேன்: பழுதில் சுமார் 70 விழுக்காடு வழக்கமான பராமரிப்பு இல்லாததால், 20ஐ ஒட்டி ஆரம்பத்திலேயே மோசமாகக் கட்டியதால், குடியிருப்பவர் கெடுத்தது 10க்கும் கீழே. ஆகவே குழாய்களைச் சுவருக்குள் புதைக்காமல், பின்னால் ஓர் ஆள் நுழையும் அகலத்தில் சந்து விட்டு அதில் ஓட்டினோம். ஊர்ப் பள்ளியிலும் மருத்துவ நிலையத்திலும் எந்தக் குழாய் இருக்கிறதோ அதையே போட்டோம். என் பட்டியலில் அழகான இத்தாலியக் குழாய் ஒன்று இருந்தது. அதன் வாஷர் தேய்ந்தால் பார்ஜுக்காகக் காத்திருக்க வேண்டும்.

ஓராண்டு கழித்துக் குறைபாடு பார்க்கப் போனேன். பட்டியல் நான் பயந்த அளவுக்கு இல்லை. லூவர் பிடிகளில் நான்கு உப்புக்காற்றில் இறுகியிருந்தன. வடமேற்கு மூலையில் மழைநீர் தாரை மண்ணை அரித்துப் பள்ளமாக்கியிருந்தது. கூழாங்கல் கொட்டச் சொன்னேன். காப்பறைச் சுவரில் ஈரமானி சாதாரணமாகத்தான் காட்டியது, அங்கே மட்டும் பதினைந்து இடத்தில் வைத்துப் பார்த்தேன். முன்வாசல் பூட்டு திறக்கவே இல்லை, கிராஃபைட் பொடி போட்டுப் பத்து நிமிடம் போராடினேன். வறட்சிக் காலத்தில் விருந்தாளிகள் வரும்போது மட்டும்தான் அதைத் திறக்கிறார்களாம். கொல்லைப்பக்கம் புல்லே இல்லை, ஐந்தாறு ஒற்றையடிப் பாதைகள் வந்து சேர்ந்திருந்தன. நான் வரைந்த பாதை அவற்றில் ஒன்றுகூட இல்லை.

கிராதி மறைவில் தாழைச் சாயம் அவிக்கும் டின்கள், அணைந்த அடுப்பு, தூங்கும் நாய். மாமியார் அங்கேதான் இருந்தார். நான் கிராதியின் இந்தப் பக்கம் நின்றேன். பேத்தி வந்து, இன்னொரு திண்ணை வேண்டுமாம் என்றாள். எங்கே, எவ்வளவு நீளம் என்று கேட்கச் சொன்னேன். அவள் திரும்பிக் கேட்பதற்குள், சட்டங்களின் இடுக்கில், ஒரு கால் நீண்டு பெருவிரலால் மண்ணில் கோடு இழுத்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் அவர்கள் போன பிறகு அளந்தேன். 3.2 மீட்டர், சுவரை ஒட்டாமல், புளியமரத்தைப் பார்த்து.